வாக்குச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்

கடந்த இரண்டு ஆண்டுகளாக வியாழக்கிழமை காலைகளில் ஒரு மணி நேரம், என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்குச் சென்று, முதல் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவருகிறேன். அந்த வகுப்பு நடப்பது பள்ளியின் பிரதான கட்டடத்தில் அல்ல. விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வரிசையாக நிற்கும், இடம் மாற்றி வைக்கக்கூடிய போர்ட்டபிள் அறைகளில் ஒன்றில். பலகையால் ஆன சரிவுப் பாதையில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். யாராவது ஒரு பையன் ஓடிவந்தால் தரை முழுவதும் அதிர்ந்து, மேசை மேலிருக்கும் பென்சில்கள் உருளும். சுவரில் பொருத்தியிருக்கும் ஏசி ஓடினால் பின்வரிசைக்கு ஆசிரியையின் குரல் கேட்காது. ஆகவே கதை வாசிக்கத் தொடங்கும்போது அவர் அதை நிறுத்திவிடுவார். செப்டம்பர் வெயிலில் பத்து நிமிடத்துக்குள் பிள்ளைகளின் நெற்றி வேர்த்துவிடும். அவர் விட்ட இடத்தில் விரலை வைத்தபடியே எழுந்து சென்று ஏசியைப் போடுவார். அறை சற்றுக் குளிர்ந்ததும் மறுபடி நிறுத்திவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்வார். ஒரே கதைக்குள் அவர் மூன்று முறை அப்படி எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வரும் நவம்பர்த் தேர்தலில் எங்கள் பள்ளி மாவட்டம் (ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு), பழைய தொடக்கப் பள்ளிகளைப் புதுப்பிக்கவும், இந்த அறைகளுக்குப் பதிலாக நிலையான வகுப்பறைகள் கட்டவும், கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்கிறது. பேச்சில் நாம் ஸ்கூல் பாண்ட் என்று சொல்வது இதைத்தான். அந்தக் கடனை ஊரார் கட்டும் கூடுதல் சொத்து வரியால் அடைப்பார்கள். நான் இதற்கு ஆதரவாக வாக்களிக்கப்போகிறேன். கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் என்னைப் போலவே பள்ளியின் பெயரைப் பார்த்து வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் அனைத்தும் ஆதரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இந்த அறைகள் தற்காலிகமாக வந்தவை. 1996ஆம் ஆண்டு கலிபோர்னியா அரசு, மழலையர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை ஓர் ஆசிரியருக்கு இருபது பிள்ளைகள் என்ற அளவுக்கு வகுப்புகளைச் சுருக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி தருவதாக அறிவித்தது. நல்ல திட்டம்தான், ஆனால் முப்பது பேர் இருந்த வகுப்பை இருபதாகக் குறைத்தால், மிச்சமிருப்பவர்களுக்கு வேறோர் அறை வேண்டுமல்லவா? கட்டுவதற்கு அவகாசம் இல்லாததால் மாநிலம் முழுவதும் லாரிகளில் போர்ட்டபிள் அறைகள் வந்து திடல்களில் இறங்கின. அவற்றில் பல இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன. அன்று அவற்றில் எழுத்துக் கற்ற பிள்ளைகள் இன்று தாங்களே பெற்றோராகி, அதே சரிவுப் பாதையில் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துவருகிறார்கள்.

ஆண்டுதோறும் இவ்வளவு வரி கட்டுகிறோமே, அதிலிருந்து ஒரு கூரையை மாற்றக் கூடாதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. நானும் கேட்டேன். மாநிலம் பள்ளிகளுக்கு வருகைப் பதிவை அடிப்படையாக வைத்துத் தரும் தொகையில் பெரும்பகுதி ஆசிரியர், ஊழியர் சம்பளத்துக்கே சரியாகப் போய்விடுகிறது. லாட்டரிப் பணம் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வி வரும். லாட்டரியால் பள்ளிகளுக்கு வருவது மிகச் சிறிய பங்கு. அதுவும் கட்டடம் கட்டவோ நிலம் வாங்கவோ செலவிடக் கூடாது என்று லாட்டரிச் சட்டமே தடுத்துவிட்டது. 1978இல் மாநில மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய புரொபொசிஷன் 13 என்ற சட்டம், சொத்து வரியை வரி மதிப்பில் (வரிக்காக வீட்டுக்குப் போடும் மதிப்பில்) ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. அதற்குப் பிறகு எட்டு ஆண்டுகள், 1986இல் வேறொரு வாக்கெடுப்பு வழி திறந்துவிடும்வரை, பள்ளிக் கட்டடங்களுக்காகச் சொத்து வரியை நம்பிப் புதிதாகக் கடன் பத்திரம் வெளியிடவே வழியில்லாமல் இருந்தது. இன்றைக்கும் ஓர் உள்ளூர்ப் பள்ளிக்குப் பெரிய அளவில் கட்டட நிதி வேண்டுமென்றால், ஊர் மக்களிடம் வாக்குக் கேட்பதைத் தவிர மாவட்டத்துக்கு அதிக வழிகள் இல்லை.

2000ஆம் ஆண்டு நவம்பர்வரை இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. நூறு பேரில் அறுபத்தாறு பேர் வேண்டும் என்று சொன்னாலும் பள்ளி தோற்றுவிடும். புரொபொசிஷன் 39 அந்த வரம்பை 55 சதவீதமாகக் குறைத்தது. குறைத்ததற்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகளையும் விதித்தது. எந்தெந்த வேலைகளுக்குச் செலவிடப்படும் என்ற பட்டியலை முன்கூட்டியே வாக்காளர் முன் வைக்க வேண்டும். ஒரு டாலர்கூட ஆசிரியர் சம்பளத்துக்கோ நிர்வாகச் செலவுக்கோ போகக் கூடாது. ஆண்டுதோறும் இரண்டு தணிக்கைகள் நடக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட மக்கள் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் மாவட்டத்தின் ஊழியரோ ஒப்பந்தக்காரரோ இடம்பெறக் கூடாது. தொடக்கப் பள்ளி மாவட்டமாக இருந்தால், ஒரு தேர்தலில் ஒப்புதல் பெறும் கடனுக்காக விதிக்கும் வரி, வீட்டின் வரி மதிப்பில் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் ஆண்டுக்கு 30 டாலரைத் தாண்டாது என்ற கணிப்போடுதான் கடன் வாங்க முடியும்.

அந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். வரி மதிப்பு 9 லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு உச்ச அளவே விதித்தாலும் ஆண்டுக்கு 270 டாலர், அதாவது மாதம் இருபத்திரண்டரை டாலர். இது ஏற்கெனவே நாம் கட்டிவரும் பழைய பாண்டுகளுக்கான வரியோடு கூடுதலாகச் சேரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இதில் உள்ள ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். புரொபொசிஷன் 13இன்படி வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறும்போது சந்தை விலைக்குத் தாவும். எனவே நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கிய அண்டை வீட்டுக்காரரின் வரி மதிப்பு ஒன்றரை லட்சமாக இருந்தால், அதே பள்ளிக்கு அவர் கொடுப்பது 45 டாலர். அண்மையில் வாங்கியவர்களின் தோளில்தான் கனமான பங்கு விழுகிறது. அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் நம்மவர்கள். இது நியாயமா என்றால் முழு நியாயம் இல்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த ஏற்றத்தாழ்வைப் படைத்தது முதல் வகுப்புப் பிள்ளை அல்ல. அந்தக் கோபத்தை அவன் வகுப்பறையின் மீது காட்டவும் எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான ஓர் அண்ணன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, என் ரெண்டு பிள்ளைங்களும் காலேஜ் முடிச்சாச்சு. இன்னும் இருபத்தஞ்சு வருஷம் நான் எதுக்குப்பா கட்டணும்?" என்றார். நான், "அண்ணே, நீங்க தொண்ணூத்தெட்டுல வீடு வாங்கினப்ப அந்த ஸ்கூல் எப்பவோ கட்டி முடிச்சிருந்தாங்களே, அதை யாருண்ணே கட்டினது?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்றுக் கழித்து, "யோசிக்க வேண்டிய கேள்விதான்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு விடை உண்டு. இந்தப் பள்ளத்தாக்கின் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை 1950களிலும் 60களிலும், ஆப்ரிகாட், பிளம் தோப்புகளை வெட்டி வீட்டு மனைகளாக்கிய காலத்தில் எழுந்தவை. விரல்களைப் போல நீண்ட ஒற்றைத் தளக் கட்டடங்கள், வெளியே கூரை போட்ட நடைபாதை, இரு பக்கமும் சன்னல்கள் என்று அவற்றின் அமைப்பைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும். அன்று அந்தக் கடனுக்கு வாக்களித்தவர்களில் பலருக்குப் பள்ளி வயதில் பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் அங்கே படிப்பார்கள் என்று அவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். திண்டிவனத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் உட்காரப் போகும் பெஞ்சுக்கு அவர்கள் வரி கட்டி முடித்திருக்கிறார்கள்.

ஊர்ப் பள்ளிக்கு ஊரே கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் தமிழ்நாடெங்கும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் கரும்பலகை, நாற்காலி, சுற்றுச்சுவர், வகுப்பறை என்று தங்களால் இயன்றதைப் பள்ளிக்கு வழங்கினார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியின் சுவருக்கு இரண்டு வண்டி செங்கல் கொடுத்ததைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் காலே வைத்ததில்லை. அவருடைய செங்கல்லும் என்னுடைய 270 டாலரும் எனக்கு ஒரே கணக்கில்தான் வருகின்றன.

செலவு ஏன் இவ்வளவு, தனியார் கட்டினால் பாதி விலைக்கு முடிந்துவிடுமே என்பது நம்மிடையே பொறியாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. இதற்கு 1933ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதிக்குப் போக வேண்டும். அன்று மாலை 6 மணிக்குச் சற்று முன்பு லாங் பீச்சில் 6.4 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. தெற்குக் கலிபோர்னியாவில் 230க்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்கள் இடிந்தோ, பெருஞ்சேதம் அடைந்தோ, புழங்கத் தகாதவை என்று தள்ளப்பட்டோ போயின. உள்ளே கம்பி வைத்து வலுவூட்டாத வெறும் செங்கல் சுவர்கள் சரிந்து, வகுப்பறைகளும் வாசல்களும் இடிபாட்டில் புதைந்தன. பள்ளி விட்டுச் சில மணி நேரம் ஆகியிருந்தது என்ற ஒன்றுதான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றியது. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10ஆம் தேதி, சட்டமன்ற உறுப்பினர் சார்லஸ் ஃபீல்டின் பெயரால் ஃபீல்டு சட்டம் வந்தது. அன்று முதல் கலிபோர்னியாவில் அரசுப் பள்ளிக் கட்டடம் எதற்கும் வரைபடத்தை மாநில அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். கட்டும்போது அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் களத்தில் இருந்து ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்க வேண்டும். முடிந்தபின் வரைபடப்படியே கட்டப்பட்டது என்று பொறுப்பானவர்கள் கையெழுத்திட வேண்டும். நாம் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டடத்துக்கு இவ்வளவு சோதனை கிடையாது. பணம் கூடுதலாகத்தான் ஆகிறது, காலமும் ஆகிறது. அந்தச் சட்டத்தின்படி கட்டிய பள்ளி எதுவும் எந்த நிலநடுக்கத்திலும் இடிந்து விழவில்லை என்பதே அந்தப் பணத்துக்குக் கிடைத்த பலன். ஹேவர்டு, சான் ஆண்ட்ரியாஸ் என்ற இரண்டு நிலநடுக்கப் பிளவுகளுக்கு நடுவே பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் நான், இந்தச் செலவில் பேரம் பேச மாட்டேன்.

இன்னொரு பண விஷயத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. 2024 நவம்பரில் மாநில வாக்காளர்கள் புரொபொசிஷன் 2க்கு ஒப்புதல் அளித்தார்கள். அதன்படி வெளியிடப்படும் 10 பில்லியன் டாலர் கடனில் 8.5 பில்லியன், பன்னிரண்டாம் வகுப்புவரையிலான பள்ளிகளுக்கு. ஆனால் அந்தப் பணம் தானாக வந்து பள்ளியின் வாசலில் இறங்காது. புதுப்பிக்கும் வேலையில் ஏறத்தாழ 60 முதல் 65 சதவீதம்வரை மாநிலம் தரும். மிச்சத்தை உள்ளூர் போட வேண்டும். உள்ளூரில் பாண்டு நிறைவேறிய மாவட்டங்கள் வரைபடத்தை முடித்து வரிசையில் முன்னால் நிற்கின்றன. நிறைவேறாத ஊர்கள், தங்கள் வரியும் சேர்ந்த அந்த நிதி அடுத்த ஊருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இதே போன்ற மாநில முன்மொழிவு ஒன்று 2020 மார்ச்சில் தோற்றது. அதற்கும் தற்செயலாக 13 என்ற எண்ணே வாய்த்ததால், பழைய சொத்து வரிச் சட்டத்தில் கைவைக்கிறார்கள் என்று எண்ணியே பலர் எதிர்த்திருப்பார்கள் என்று அப்போது பேசப்பட்டது. அந்தத் தோல்வியால் பழுது பார்ப்பது ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. சான் டியேகோ பக்கத்தில் பவே மாவட்டம் 2011இல் 105 மில்லியன் டாலர் கடன் வாங்கி, வட்டியைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதால், ஏறக்குறைய ஒரு பில்லியனைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிலைக்கு வந்தது மாநிலமே அறிந்த கதை. அதன் பிறகு 2013இல் வந்த சட்டம், இத்தகைய பத்திரங்களில் மொத்தத் திருப்பிச் செலுத்தல் அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் 25 ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும் என்றும் வரம்பு கட்டியது. எங்கள் மாவட்டக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்ட முதல் கேள்வியே, வட்டியைத் தள்ளிப்போடும் பத்திரங்களை வெளியிடுவீர்களா என்பதுதான். நீங்களும் உங்கள் மாவட்டத்தில் அதைக் கேளுங்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறதே, எதற்குப் புதிய வகுப்பறை என்பதும் கனமான கேள்வி. வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறுகின்றன. பள்ளத்தாக்கில் சில தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டும் விட்டன. நாளை மூடப்போகும் பள்ளிக்கு இன்று புதுக் கூரை போடுவது தவறு. எந்தப் பள்ளிகள் நிலைக்கும் என்பதை நிர்வாகம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டே பட்டியலில் கைவைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆயினும் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதால் மிச்சமிருக்கும் பிள்ளை ஒழுகும் அறையில் உட்காரலாம் என்று ஆகிவிடாது. மேலும் ஒரு வகுப்பே புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2025–26 கல்வியாண்டு முதல் நான்கு வயது நிறைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் மழலையர் வகுப்புக்கு முந்தைய டிகே வகுப்பில் இடம் தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சாதாரண வகுப்பறைக்கு 960 சதுர அடி போதும். இந்தச் சிறுவர்களுக்கான புதிய அறையோ 1,350 சதுர அடி இருக்க வேண்டும், கழிப்பறை அறைக்குள்ளேயோ அந்தச் சிறுவர் வகுப்புகளின் வளாகத்துக்குள்ளேயோ இருக்க வேண்டும் என்பது விதி.

அந்த விதி ஏன் வந்தது என்பதை ஒரு மழைநாளில் கண்ணால் பார்த்தேன். நடைபாதையில் நான் நின்றிருந்தபோது, போர்ட்டபிள் அறை ஒன்றிலிருந்து இரண்டு சிறுமிகள் கைகோத்து வெளியே வந்தார்கள். ஒருத்தியின் கழுத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதிக்கும் அட்டை தொங்கியது, மற்றவள் துணைக்கு. திடலைச் சுற்றிப் பிரதான கட்டடம்வரை கூரையில்லாத பாதை. பாதி வழியில் சின்னவள் நின்றுவிட்டாள். அழவில்லை, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, நனைந்தபடி அசையாமல் நின்றாள். தோழி தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டிவிட்டாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சமயத்தில் அது தோன்றியிருக்கிறது. அலுவலகத்து அம்மாள் ஓடிவந்து மாற்று உடை எடுத்துக் கொடுத்தார். அதற்கென்றே ஓர் இழுப்பறை நிறைய உடைகள் வைத்திருப்பதாக அவரே சொன்னார்.

இந்தத் தேர்தலில் நான் இதற்காக வீடு வீடாகப் போகிறேன். பள்ளி மாவட்டம் பொதுப் பணத்தில் பிரச்சாரம் செய்யக் கூடாது. ஆசிரியர்கள் வேலை நேரத்தில் ஒரு வார்த்தைகூட ஆதரவு கேட்கக் கூடாது. தகவல் மட்டுமே தரலாம். ஆகவே கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். கிரீன் கார்டுக்காகப் பத்து, பதினைந்து ஆண்டுகளாகக் காத்திருக்கும் நம் நண்பர்கள், நம்மைப் போலவே சொத்து வரி கட்டியும் வாக்களிக்க முடியாதவர்கள், அவர்களில் இரண்டு குடும்பங்கள் சனிக்கிழமைகளில் என்னோடு வருகின்றன. தங்களுக்கு இல்லாத வாக்கை மற்றவர்களிடம் கேட்டு அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். குடியுரிமை பெற்று வாக்குச் சீட்டைக் கையில் வைத்திருக்கும் நாம், பெரிய பதவிகளுக்கு மட்டும் வட்டம் நிரப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தை வெறுமையாக அனுப்புவதை அவர்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

உள்ளூர் முன்மொழிவுகள் சீட்டின் கடைசியில், பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். எண் அல்ல, ஓர் எழுத்துதான் அடையாளம். முழு வாசகமும் வேலைப் பட்டியலும் கவுண்ட்டி அனுப்பும் வாக்காளர் கையேட்டில் உள்ளன; நான்கைந்து பக்கம்தான், படித்துவிடுங்கள். வாக்குச் சீட்டை வைத்து அனுப்பும் உறையின் மேல் கையெழுத்திட மறக்காதீர்கள்; தபாலில் அனுப்பினால் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழ வேண்டும். இந்தச் சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து நூலக வாசலில் இருப்பேன். எங்கள் பள்ளிக்கு என்னென்ன வேலை என்ற பக்கத்தை அச்சிட்டு, டிகே அறைகளும் கழிப்பறைகளும் வரும் வரியைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். எதிர்த்து வாக்களிக்க நினைப்பவர்களும் வந்து பேசுங்கள்.